கல்லடியில் குடித்த பபிள் டீ

மெல்லுவதற்கு மணிகள் கிடக்கும் குளிர்ந்த பால் தேநீரான பபிள் டீ மட்டக்களப்பு மக்களுக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்பதை அறிய விரும்பினால், அவர்கள் குடித்து வைத்துவிட்டுப் போகும் குவளைகளின் அடியைப் பார்க்க வேண்டும். கல்லடிப் பாலத்தைக் கடந்து கடற்கரைக்குப் போகும் வழியில், ஒரு சிறிய குளிர்பானக் கடையில் மாமியோடும் மச்சாளோடும் அமர்ந்திருந்த மாலையில் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரியூசன் முடிந்து வந்திருந்த மாணவர்களின் குவளைகளில் ஐஸ் கட்டிகளைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. தடித்த ஸ்ட்ரோவால் கடைசி மணியையும் தேடிப் பிடித்து உறிஞ்சிவிட்டே எழுந்தார்கள்.

1980களில் தைவானில் தோன்றிய பானம் இது. முதலில் உருவாக்கியது யார் என்று தைச்சுங் நகரத்துக் கடையொன்றும் தைனான் நகரத்துக் கடையொன்றும் நீண்ட காலம் வழக்காடியதும் உண்டு. ஆனால் அதன் கரிய மணிகள் மரவள்ளிக்கிழங்கு மாவில் உருட்டப்படுபவை. மரவள்ளியோ எங்கள் வீட்டு வளவுகளிலும் விளைவது. சவ்வரிசிக் கஞ்சி குடித்து வளர்ந்தவர்களுக்கும், காத்தான்குடிக்குப் போனால் கசகசாவும் ஜெலியும் மிதக்கும் பலூடாவைக் குடிக்காமல் திரும்பாதவர்களுக்கும், பானத்துக்குள் மெல்லுவதற்கு ஏதேனும் கிடப்பது அந்நியமாகத் தோன்றுவதில்லை.

"இது குடிக்கிறதா மனே, சப்பித் தின்னுறதா?" என்று மாமி கேட்டார். பிறகு மணிகள் அனைத்தையும் விருப்பத்தோடு மென்று தின்றுவிட்டு, தேநீரில் பாதியை அப்படியே மிச்சம் வைத்தார். தேத்தண்ணி என்றால் சுடச் சுடக் குடிக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான கருத்து. மூத்தவர்கள் பலரின் மறுப்பு இந்தக் குளிர்ச்சியைப் பற்றியதே என்று நினைக்கிறேன்.

மணிகளே மிஞ்சுகிற குவளைகளுக்குக் காரணம் வேறு. அவித்துச் சீனிப்பாகில் ஊறவைத்த மணிகள் சில மணி நேரம்தான் மென்மையும் இழுவையும் மாறாமல் இருக்கும். அதன் பின்னர், குறிப்பாகக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், மாச்சத்து மீண்டும் இறுகி, நடுவில் சுண்ணாம்புபோல் உதிரத் தொடங்கும். நகருக்குள் இன்னொரு கடையில், கடை மூடுகிற நேரத்தில் எனக்குக் கிடைத்தவை அத்தகையவை. பக்கத்து மேசையிலிருந்த குடும்பமும் மணிகளை விட்டுவிட்டுத்தான் எழுந்தது. அந்தக் குவளையோடு பபிள் டீயை முதன்முதலில் அறிந்தவர்கள் அதை வெறுத்தால், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கிழக்கின் வெயிலுக்கு இது நன்றாகப் பொருந்தும் பானம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மணிகளைக் காலையில் ஒரே தடவையாக அவித்து இரவு வரை ஓட்டாமல், சிறிது சிறிதாக அவிக்கும் கடையைத் தேடிச் செல்லுங்கள்; எப்போது அவித்தது என்று கேட்டால் நல்ல கடைக்காரர் தயங்காமல் சொல்வார். சீனியைப் பாதியாகக் குறைத்து, தேயிலைச் சாயத்தைக் கூடுதலாக ஊற்றித் தரும்படியும் கேளுங்கள். நம் நாட்டுத் தேயிலையின் கடுமை அப்போதுதான் பாலையும் பாகையும் மீறி நாவில் தெரிகிறது.