முதல் தட்டு எங்கே போச்சு?

ஜூலை 17, 2025, வியாழன்

இன்றோடு சரியாக 50 வருஷம். 1975 ஜூலை 17, 18 இரண்டு ராத்திரியும் லண்டன் லைசியம் தியேட்டரில் ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லியும் அவருடைய வெய்லர்ஸ் குழுவும் வாசித்தார்கள். 1975 காலண்டரும் இந்த வருஷக் காலண்டரும் ஒன்றுதான் என்பதால் அன்றைக்கும் வியாழக்கிழமை. இதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. ஆனாலும் காலையிலிருந்து ஒரு சந்தோஷம்.

ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுக்காரர்களிடம் லாரிக்குள்ளேயே கட்டிய ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ இருந்தது. அதை வைத்துத்தான் கச்சேரியைப் பதிவு செய்தார்கள். அந்த டிசம்பரில் 'லைவ்!' என்ற பெயரில் ஏழே பாட்டோடு ஆல்பம் வந்தது.

சாயங்காலம் நிம்மதியாக உட்கார்ந்து கேட்கலாம் என்றால் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடையில் கிடக்கிறது. போன வாரமே தருகிறேன் என்றவர் இன்று, "ஐசி வரணும் சார், நாளைக்கு வாங்க" என்றார். வேறு வழியில்லாமல் போனிலேயே போட்டேன். போன் ஸ்பீக்கரில் ரெகே கேட்பது புளி இல்லாத ரசம் மாதிரி. ரெகேயில் அடித்தொனி எழுப்பும் பேஸ் கிட்டார் பக்கவாத்தியம் இல்லை. பாதிப் பாட்டை அதுதான் பாடுகிறது.

ஆனால் போன் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போனதும், இத்தனை வருஷமாக அடியில் கிடந்த ஒன்று மேலே வந்துவிட்டது. கூட்டம். 'நோ வுமன் நோ க்ரை' ஆர்கனில் ஆரம்பிக்கிறது. மார்லி இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ஹாலில் இருப்பவர்கள் பல்லவியை எடுத்துவிடுகிறார்கள். சுருதி கொஞ்சம் அப்படி இப்படித்தான். ஆனால் தயக்கம் இல்லை. அவர் வந்து சேர்ந்துகொள்கிறார், அவ்வளவுதான். கச்சேரி யாருடையது என்று ஒரு நிமிஷம் குழப்பமாகிவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

அதே பாட்டின் ஸ்டுடியோ வடிவத்தை ரயிலில் கேட்டேன். 'நாட்டி ட்ரெட்' ஆல்பம், 1974. நாலு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. தாளத்துக்கு டிரம் மெஷின். கொஞ்சம் அவசரம், ஏதோ வேலையாகப் போகிறவன் போகிற போக்கில் ஆறுதல் சொல்வது மாதிரி. லைசியத்தில் அதே பாட்டு ஏழு நிமிஷத்துக்கு மேல் போகிறது. ஆற அமர. அழுகிறவள் பக்கத்தில் உட்காரவே நேரம் எடுத்துக்கொள்கிற பாட்டு. உலகம் எதைத் தேர்ந்தெடுத்தது என்பதில் ஆச்சரியமில்லை. 1984இல் வந்த 'லெஜண்ட்' தொகுப்பில்கூட ஸ்டுடியோவை விட்டுவிட்டு இந்த லைவ் பதிவைத்தான் போட்டார்கள்.

எழுதியவர் என்று போட்டிருக்கும் பெயர் மார்லி இல்லை, வின்சென்ட் ஃபோர்ட். ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனில் ட்ரெஞ்ச்டவுன் பகுதியில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் சமையற்கூடம் நடத்தியவர். அவர் வளவில் ராத்திரி நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிய பாட்டு. அந்த வளவைப் பார்த்தேயிராத லண்டன் ஆட்கள் அதைச் சொந்தக் கதை மாதிரிப் பாடுகிறார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டேன். "சர்ச்சுல வாசிக்கிறாங்களா?" என்றாள். தப்பில்லை, அந்த ஆர்கன் அப்படித்தான் இருக்கிறது.

சின்ன வயதில் நாலைந்து வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவள். கை சும்மா இருக்காது. தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தாள். முதலில் டிரம் கனமாக விழுகிற இடத்தையே சமமாக, அதாவது தாளத்தின் முதல் தட்டாக, எடுத்துக்கொண்டாள். பல்லவி இரண்டு தரம் வந்ததும் முகம் சுளித்தாள். நிறுத்தினாள். காத்திருந்து வேறு இடத்தில் எடுத்தாள். இப்போது சரி. முதல் தட்டில் டிரம் இல்லை. சுண்டு விரலில் கிட்டார் "சக்" என்று வெட்டியது. மோதிர விரலில் டிரம் விழுந்தது. நடு விரலில் மறுபடி கிட்டார். அடுத்த தட்டில் டிரம் இல்லை, வீச்சில் கிட்டார், கடைசித் தட்டில் டிரம்.

"ஏண்டா, முதல் தட்டை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்களே!"

இதைத்தான் 'ஒன் ட்ராப்' என்கிறார்கள். நாலு எண்ணிக்கையில் ஒன்றை விட்டுவிட்டு, மூன்றில் பெரிய டிரம்மையும் ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் விளிம்பையும் சேர்த்து அடிப்பது. வெய்லர்ஸில் அடித்தவர் கார்ல்டன் பாரெட். பேஸ் வாசித்தவர் அவர் அண்ணன் ஆஸ்டன். அம்மாவுக்கு இதை விளக்கப் போய், எனக்கே ஒன்று பிடிபட்டது. ஸ்டுடியோவில் அந்த முதல் தட்டு காலியாகக் கிடக்கிறது. லைவ் பதிவில் அது காலி இல்லை. அந்த இடத்தில் ஹால் கேட்கிறது. யாரோ விசில் அடிக்கிறார், யாரோ கத்துகிறார், இரண்டாயிரம் பேர் சும்மா நின்றாலே வருமே ஒரு இரைச்சல், அது. ராக் இசையில் இந்த இடத்தை டிரம் அடைத்துவிடும். ரெகே இடம் விட்டு வைக்கிறது. எனக்கு ஏன் லைவ் பதிவுகள்மேல் இத்தனை பைத்தியம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இதுவரை கிடைத்ததில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஐசி வந்துவிட்டதாம். கெப்பாசிட்டர் வர வேண்டுமாம்.

ஜூலை 24, வியாழன்

டூட்ஸ் அண்ட் த மேட்டல்ஸ், பாடகர் டூட்ஸின் ரெகே குழு. 1980 செப்டம்பர் 29, லண்டன் ஹாமர்ஸ்மித் பாலே அரங்கம். ராத்திரி கச்சேரி முடிந்து 24 மணி நேரத்துக்குள் ரெக்கார்டு அச்சாகிக் கடைக்கு வந்துவிட்டது. இதை விளம்பர உத்தி என்று ஒதுக்கலாம். ஆனால் அதில் ஒரு லாபம் இருக்கிறது. 'லைவ்' என்று போட்டு வருகிற ஆல்பங்கள் பலவற்றில் பிசிறிய வரியைப் பிற்பாடு ஸ்டுடியோவில் பாடி ஒட்டிவிடுவார்கள். இங்கே ஒட்ட நேரமே இல்லை. மேடையில் என்ன நடந்ததோ அதுதான்.

'54-46' வந்ததும் பேருந்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கஞ்சா வழக்கில் டூட்ஸ் உள்ளே போய்வந்த கதை அது, தலைப்பு கைதி எண். நடுவில் வாசிக்கிறவர்களைப் பார்த்து "ஒண்ணு கொடு" என்பார். ஒரே அடி. "ரெண்டு கொடு" என்பார். இரண்டு அடி. அப்படியே மூன்று, நாலு. இந்த விளையாட்டு அறுபதுகளின் கடைசியில் பதிவான பழைய ரெக்கார்டிலேயே உண்டு. லைவில் வித்தியாசம், எண்ணிக்கை கூட்டத்துக்கு ஏற்கெனவே மனப்பாடம். அடுத்தது என்னவென்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் எல்லோரும் அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

ஜூலை 26, சனி

நாள் முழுக்க கேசட். என்னிடம் கேசட் இல்லை, யாரோ பத்திரப்படுத்தியிருந்த கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய பதிவுகள். எண்பதுகளின் தொடக்கம், கிங்ஸ்டன், திறந்தவெளி. மேடையில் வாசிக்கிற குழு கிடையாது. ஆள் உயரத்துக்கு மேல் ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு டர்ன்டேபிள், ஒரு மைக். ரெக்கார்டின் பின்பக்கத்தில் குரல் இல்லாமல் தாளமும் பேஸும் மட்டும் இருக்கும். அதை ஓடவிட்டு, மேலே ஒருவர் பாட்டும் பேச்சுமாக அள்ளி வீசுவார். இவரை அங்கே டீஜே என்பார்கள். ரெக்கார்டு போடுகிறவர் செலக்டர். யூ-ராய் நடத்திய ஸ்டர் காவ் சவுண்ட் சிஸ்டத்தின் கேசட்டுகளில் ஜோசி வேல்ஸ், சார்லி சாப்ளின் என்ற இரண்டு டீஜேக்கள் மாறி மாறி வருகிறார்கள். (இந்தச் சாப்ளின் வேறு. மீசை, தடி எல்லாம் இல்லை.) இந்த நாடாக்கள் நகலெடுத்து, நகலின் நகலெடுத்து, லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போயின. நான் கேட்பது எத்தனையாவது நகலோ, இரைச்சலே தனி வாத்தியம்.

எனக்குப் பிடித்தது இது. டீஜே ஒரு நல்ல வரியைச் சொல்கிறார். கூட்டம் "ஃபார்வர்ட்!" என்று கத்துகிறது, தகரத்தையோ சுவரையோ தட்டுகிறது. உடனே செலக்டர் ஊசியைத் தூக்குகிறார், பாட்டு முதலிலிருந்து. நம் ஊர் 'ஒன்ஸ் மோர்' பாட்டு முடிந்த பிறகு வரும். இங்கே பத்து விநாடியிலேயே வெட்டு. அப்புறம் மறுபடி. நாலு தடவை ஆரம்பித்து ஒரு தடவைகூட முடியாத பாட்டெல்லாம் இருக்கிறது. முன்னால் போ என்று கத்தினால் ரெக்கார்டு பின்னால் போகிறது என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஜூலை 29, செவ்வாய்

ரெகே பாடகர் பர்னிங் ஸ்பியர், லண்டன் ரெயின்போ தியேட்டர், 1977. பின்னால் வாசிப்பது லண்டன் பையன்களின் அஸ்வாட் குழு. நல்ல பதிவு. இன்று அதிகம் எழுதத் தெம்பில்லை, ஒரு புகார் மட்டும். லைவ் ஆல்பங்களில் பாட்டு முடிந்ததும் கைதட்டலைக் குழாய் மூடுவதுபோல் மெல்ல மூடிவிடுகிறார்களே, யார் கேட்டார்கள்? அடுத்த பாட்டுக்குள் மேடையில் இருமுகிற சத்தம்தானே எனக்கு வேண்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பிட்ஸ்பர்க், ஸ்டான்லி தியேட்டர், 1980 செப்டம்பர் 23. மார்லியின் கடைசிக் கச்சேரி. இரண்டு நாள் முன்னால் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடும்போது விழுந்துவிட்டார். புற்றுநோய் பரவிவிட்டது தெரிந்துதான் மேடை ஏறினார். அடுத்த மே மாதம் போய்விட்டார். பதிவு 2011இல்தான் வெளிவந்தது.

இதை வெறும் கச்சேரியாகக் கேட்க முடியவில்லை. எந்த வரியில் மூச்சு வாங்குகிறார் என்று போலீஸ்காரன் மாதிரி தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நன்றாகவே பாடுகிறார். கடைசிக்கு முந்திய பாட்டு 'வொர்க்'. அதில் இன்னும் ஐந்து நாள், நாலு நாள் என்று எண்ணிக்கொண்டே வருவார். வேலை நாட்களைத்தான் சொல்கிறார். அங்கேயே நிறுத்திவிட்டேன். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி கச்சேரிக்கு வந்தவர்கள், சந்தோஷமாகக் கத்துகிறார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆம்ப் வந்துவிட்டது. சொன்ன தொகையைவிட 350 ரூபாய் கூட, போகட்டும். லைசியத்தைப் போட்டேன். ஆஸ்டன் பாரெட்டின் பேஸ் வந்ததும் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. அம்மா சமையலறையிலிருந்து வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை தாளம் போடவில்லை.

"இந்த ஆர்கன்காரர் இப்ப இருக்காரா?"

"இல்லைம்மா. டைரோன் டவுனி. 2022ல போயிட்டார்."

"டிரம்?"

"1987ல சுட்டுக் கொன்னுட்டாங்க. பேஸ் வாசிச்ச அண்ணன் போன வருஷம்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பல்லவி வந்தது.

"அப்ப பின்னாடி பாடறாங்களே, இவங்க?"

"பல பேர் இருப்பாங்க. அப்ப இருபது வயசுன்னா இப்ப எழுபது."

"என் வயசுதான்" என்றாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, எழுந்து போனாள்.