பலகையில் தெப்பக்குளம்

பிப்ரவரி 16, ஞாயிறு

தைப்பூசத்தன்று மதுரைத் தெப்பக்குளத்தில் தெப்பம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு அங்கேயேதான் கிடக்கிறது. குளம் நிறையத் தண்ணீர், நடுவில் மைய மண்டபம், சுற்றி வரும் தெப்பத்தின் விளக்குகள் தண்ணீரில் உடைந்து உடைந்து சேர்கின்றன. எனக்குத் தெரிந்த தெப்பக்குளம் இது இல்லை. நான் வளர்ந்த வருடங்களில் பெரும்பாலும் அது காய்ந்த தரைதான். தண்ணீர் இல்லாத வருடங்களில் நிலைத் தெப்பம் என்று ஒப்புக்கு நடத்துவார்கள். அண்ணனும் அவன் செட்டும் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடுவார்கள், நான் படியில் உட்கார்ந்து ஸ்கோர் போடுவேன், நோட்டில் இல்லை, செங்கல் துண்டால் படிக்கல்லிலேயே. நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. அந்தப் படி இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது.

இதைத்தான் வரையப் போகிறேன். மேலே தண்ணீர், அடியில் புழுதி. கீழே இருப்பது மேலே தெரிய வேண்டுமென்றால் பூசியதைத் தேய்த்து எடுக்க வேண்டும், அதற்கு கேன்வாஸ் தாங்காது. கையை ஊன்றினால் உள்வாங்கும், உப்புத்தாள் போட்டால் நைந்துவிடும். அதனால் மரப்பலகை.

பிப்ரவரி 19, புதன்

அனுப்பானடியில் ஆசாரியைப் பார்த்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி வச்சு வேலை பாக்குறவ நீ, 303 பிளை வேணாம் தாயி, 710 வாங்கு" என்றார். இரண்டும் பிளைவுட்டின் தர எண்கள், 303 ஈரத்தை ஓரளவுதான் தாங்குமாம், 710-இன் பசை கொதிக்கிற தண்ணீரிலும் விடாதாம். எட்டுக்கு நாலு ஷீட்டில் மூன்றடிக்கு இரண்டடிப் பலகை ஐந்து கிடைத்தது, ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு மிச்சம், அது வண்ணம் சோதித்துப் பார்க்க. பின்பக்கம் ஒன்றரை அங்குல ரீப்பரில் சட்டம் அடித்துக் கொடுத்தார். முன்பக்கம் எத்தனை கை அடிக்கிறோமோ அதற்கு ஈடாகப் பின்பக்கமும் ஓரமும் அடைக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை அப்பளம் மாதிரி வளைந்துவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

பிப்ரவரி 27, வியாழன்

வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சான ஜெசோவை இரண்டு கை அடித்து, 220 உப்புத்தாள் போட்டு, வெள்ளை வெளேர் என்று வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் டீ சிந்தின மாதிரி இங்கே ஒன்று அங்கே ஒன்று பழுப்புத் திட்டு. மேலே இன்னொரு கை அடித்தேன், சாயங்காலத்துக்குள் அதிலும் ஏறிவிட்டது. மரத்துக்குள் இருக்கும் சாயச்சத்து ஜெசோவின் ஈரத்தில் கரைந்து, அது காயும்போது கூடவே மேலே வந்துவிடுகிறது. எத்தனை கை ஜெசோ அடித்தாலும் அது கதவைத் திறந்து வைத்த மாதிரிதான். முதலில் மரத்தை அடைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டேன். மூன்று நாள் வேலையைச் சுரண்டி எடுக்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

மறுபடி ஆசாரியிடம். அவலரக்கை, அதாவது அவல் மாதிரி செதிலாக இருக்கும் அரக்கை, ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு இரண்டு நாள் அசைக்காமல் வைக்கச் சொன்னார். "மெழுகு அடியில தங்கிடும், தெளிஞ்சதை மட்டும் எடுத்து அடி." மெழுகோடு அடித்தால் மேலே போடுகிற அக்ரிலிக் பிடிக்காமல் உரிந்துவிடும். தெளிந்தது நல்ல தேன் நிறத்தில் இருந்தது, மெல்லிசாக இரண்டு கை, லேசாகத் தேய்த்துவிட்டு ஜெசோ. இதை எழுதும்போது பலகை பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு திட்டு இல்லை.

அங்கே இருந்தபோது அவர் அப்பா தஞ்சாவூர்ப் படங்களுக்குப் பலகை செய்து கொடுத்ததைச் சொன்னார். பலாப் பலகை, அதன் மேல் துணி ஒட்டி, துணி மேல் சுண்ணாம்புப் பொடியும் புளியங்கொட்டைப் பசையும் குழைத்து வழுவழுவென்று தேய்ப்பார்களாம். அந்தப் படங்களுக்குப் பழைய பெயரே பலகைப் படம்தான். எனக்கு ஒரே சந்தோஷம். மரத்தில் துணி, கல்பொடி, பசை, மேலே வண்ணம் என்று நான் ஏதோ புதுசாகச் செய்யப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், நம் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று அடித்தளம். வைகை மணலை ஐந்தாறு தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மாவு சல்லடையில் சலித்து (அம்மாவுக்குத் தெரியாமல், அப்புறம் தெரிந்து) மாடலிங் பேஸ்ட் என்கிற கெட்டியான அக்ரிலிக் பசையில் கலந்தேன். கீழ்ப்பாதியில் கரணையால் இழுத்தேன். கரணையின் விளிம்பு போன இடமெல்லாம் ஒரு மண்திட்டு எழும்பி நின்றது, வெயிலில் வெடித்த குளத்தரை அப்படியேதான் இருக்கும். இந்தக் குளமே மண்ணுக்காக வெட்டியது என்று சொல்வார்கள். திருமலை நாயக்கர் 1636-இல் மஹால் கட்ட இங்கிருந்து மண் எடுத்ததாகவும், வெட்டும்போதுதான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் கிடைத்ததாகவும், அந்தப் பள்ளத்தை 1645-இல் தெப்பக்குளமாக்கியதாகவும். அப்படிப் பார்த்தால் இங்கே முதலில் மண்தான், தண்ணீர் அப்புறம்தான் வந்தது. என் படத்திலும் அதே வரிசை.

காய்ந்ததும் தெருவில் கிடந்த செங்கல் துண்டை எடுத்து வந்து கோடு போட்டேன். நாலு, குறுக்கே ஒன்று. நாலு, குறுக்கே ஒன்று. அந்தச் சரசரப்பைக் கை மறக்கவே இல்லை.

கோட்டின் மேல் மீடியம், அதாவது நிறமில்லாத அக்ரிலிக் பசை, தடவப் போனால் பிரஷ் செங்கல் பொடியை இழுத்துக்கொண்டு போகிறது. மீடியத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு, சட்டைக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் ஊற்றி, தூரத்தில் நின்று பனி மாதிரி மூன்று தடவை அடித்தேன். நின்றது.

மார்ச் 12, புதன்

ஒரு சின்ன நஷ்டம். மாடித் தகரக் கொட்டகையில் இரண்டு சோதனைப் பலகைகளை முகத்தோடு முகம் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அக்ரிலிக் காய்ந்தாலும் பிளாஸ்டிக்தானே, சூட்டில் இளகும். வந்து பிரித்தபோது இதன் தோல் அதில், அதன் தோல் இதில். இனி நடுவில் பாலித்தீன் தாள் இல்லாமல் எதையும் சாய்க்க மாட்டேன். மதுரை மார்ச்சில் வண்ணம் பாலெட்டிலேயே ஆடை கட்டிவிடுகிறது, ஈரத்துணி விரித்து அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டுத்தான் பிழைக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

விளக்கு வெளிச்சத்துக்குச் சுங்குடி. இதை முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். துணியை நூலால் முடிந்து சாயத்தில் முக்கி எடுத்து, முடிச்சை அவிழ்த்தால் உள்ளே சாயம் ஏறாத வெள்ளைப் புள்ளி. புள்ளியின் ஓரம் கத்தரித்த மாதிரி இருக்காது, லேசாகக் கசிந்து நடுங்கும். தண்ணீரில் விழுந்த விளக்கு அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும், பிரஷ்ஷால் அதைக் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய துணி. நம் சௌராஷ்டிர வீடுகளில் முடிச்சுப் போடும் விரல்களை ஒரு தடவை பார்த்தவர்கள் அச்சடித்த புள்ளிப் புடவையைச் சுங்குடி என்று சொல்ல மாட்டார்கள்.

விளக்குத்தூண் பக்கம் வாங்கிய புதுத்துணியில் ஒரு துண்டு வெட்டி, மிச்சப் பலகையில் மீடியம் தடவி ஒட்டிப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் சிவப்பு ஓடி, புள்ளி அத்தனையும் ரோஸ் ஆகிவிட்டது. நல்லவேளை, சோதனையோடு போனது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பீரோவின் அடித்தட்டிலிருந்து கருநீலச் சுங்குடி ஒன்றை எடுத்து வந்தாள். கல்யாணமான புதிதில் கட்டியது. "இது போக வேண்டிய சாயமெல்லாம் எப்பவோ போயிருச்சுடி, வெட்டிக்க." முந்தானையை வெட்டக் கை வரவில்லை. கிழிந்திருந்த கொசுவப் பக்கத்தில் ஒரு முழம் எடுத்தேன்.

அடியில் மீடியம், துணி, மேலே மீடியம், நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி நீவிக் காற்றை வெளியேற்றினேன். ஈரத்தில் பால் மாதிரி மூடிக்கொண்டது, காயக் காயத் தெளிந்து ஒவ்வொரு புள்ளியாகக் கண் திறந்தது. ஒரு பொட்டுச் சாயம் கசியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

தண்ணீர் ஏற்றினேன். ஒரு பங்கு வண்ணத்துக்குப் பத்துப் பங்கு மீடியம், தேலோ நீலம் ஒரு கை, தேலோ பச்சை ஒரு கை, நடுவில் பழுப்பு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது, மொத்தம் ஏழு. ஒவ்வொரு கையும் காய்ந்ததும் நினைத்ததைவிட இருட்டாகிறது, அதனால் பாதி நீலத்திலேயே நிறுத்திப் பழக வேண்டியிருக்கிறது. ஏழாவதில் தரை மொத்தமும் மறைந்துவிட்டது. செங்கல் கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை. வயிற்றைப் பிசைந்தது.

சாயங்காலம் 400 உப்புத்தாளைத் தண்ணீரில் முக்கி ஆரம்பித்தேன். உலர்வாகத் தேய்த்தால் சூடேறி வண்ணம் பிசின் மாதிரி தாளை அடைத்துவிடும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க நீலச் சேறு ஒழுகியது. துணியால் துடைத்தேன். மணல் திட்டுகளின் உச்சி மட்டும் முதலில் வெளியே வந்தது, பிறகு அதன் பக்கத்தில் ஒரு சிவப்புக் கீற்று. இரண்டு. நாலு. குறுக்குக் கோடு. தண்ணீருக்குள் குனிந்து படியைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. கையை எடுக்க மனமில்லாமல் தேய்த்ததில் மூன்றாவது கூட்டத்தில் இரண்டு கோடு போய் ஜெசோ வெள்ளை தெரிகிறது. அதைத் திருத்தவில்லை.

அண்ணனுக்குப் போட்டோ அனுப்பினேன், திருப்பூரில் நைட் ஷிப்டில் இருந்தான். உடனே கூப்பிட்டான். "மேற்குப் படியா?" என்று கேட்டுவிட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பலகையைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் தெப்பக்குளத்துக்கே எடுத்துப் போனேன், சாயங்கால வெளிச்சத்தில் தண்ணீர் நிறத்தோடு வைத்துப் பார்க்க. என் நீலம் கடல் நீலமாக இருக்கிறது. குளத்துத் தண்ணீர் பாசியும் மஞ்சளும் கலந்தது, மண்டபத்தின் நிழல் விழுகிற இடத்தில் மட்டும் கறுப்பு. சுற்றுச்சுவரில் சாய்த்து வைத்திருந்தபோது சுண்டல் விற்கிற அக்கா சுங்குடிப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, "சேலையா இது?" என்றார். ஆமாம்க்கா, எங்கம்மாவோடது என்றேன்.

வீட்டுக்கு வந்து காவி மஞ்சளில் மெல்லிசாக ஒரு கை, துணியின் மேல் படாமல். சரியாக வந்துவிட்டது. பின்சட்டத்தில் பென்சிலால் தேதி எழுதியாயிற்று, வார்னிஷ் அடிக்க இன்னும் இரண்டு வாரம் காய வேண்டும். அதற்கப்புறம் சித்திரைத் திருவிழாவுக்கு அண்ணன் வந்துவிடுவான்.