கல்லில் எழுந்த மேரு: அங்கோர் வாட் தரிசனம்

மேருமலை எந்த நிலப்படத்திலும் இல்லை. புராணங்கள் அதனை உலகின் நடுவே நிறுத்தி, மலைத்தொடர்களையும் கடல்களையும் அதற்கு அரணாக வகுத்திருக்கின்றன. அந்த மலையைத் தரிசிக்க வேண்டும் என்ற ஆசையே என்னைக் கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலுக்கு அழைத்துச் சென்றது. 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்காக எழுப்பத் தொடங்கிய இக்கோயிலின் ஐந்து கோபுரங்கள் மேருவின் சிகரங்களாகவும், மதில்கள் மலைத்தொடர்களாகவும், ஏறத்தாழ 190 மீட்டர் அகலமுள்ள அகழி கடலாகவும் கொள்ளப்படுகின்றன.

ஆகவே மேற்குக் கற்பாதையில் நடக்கையில் கடலைக் கடக்கிறேன் என்றே எண்ணிக்கொண்டேன். மேற்கு வாயிலில் எட்டுத் திருக்கரங்களுடன் திருமால் நிற்கிறார். அவ்வூர் மக்கள் அவரைத் 'தா ரீச்' என்று அழைத்து, ஆடை சாத்தி, ஊதுவத்தி ஏற்றி இன்றும் வணங்குகிறார்கள். பலர் இவரைக் காணாமலே உள்ளே விரைகிறார்கள். எனக்கோ இங்கிருந்து கால்கள் எளிதில் நகரவில்லை.

கிழக்குத் திருச்சுற்றின் தென்பகுதியில், ஏறத்தாழ 49 மீட்டர் நீளச் சுவரில் பாற்கடல் கடையும் காட்சி விரிகிறது. வாசுகியின் தலைப்பக்கம் 92 அசுரர்களும் வால்பக்கம் 88 தேவர்களும் உடலைச் சாய்த்து இழுக்க, நடுவே மத்தாக மந்தரமலை நிற்கிறது. அதன் முன்னே நின்று கடைதலை நடத்துபவரும் திருமால். அடியில் ஆமையாக மலையைத் தாங்குபவரும் அவரே. ஒரே சிற்பத்தில் மேலும் கீழும் அவரே இருப்பதை உணர்ந்தபோது கண்கள் கலங்கிவிட்டன. மேருவாக எழுந்த கோயிலுக்குள் மந்தரமும் இருப்பது எத்தனை பொருத்தம்!

நடுச்சிகரம் அமைந்த 'பாக்கன்' என்னும் மேல்தளத்துக்கான பழைய கற்படிகள் மிகவும் செங்குத்தானவை. இப்போது மரப்படிகள் வழியே ஏறுகிறார்கள். அங்கும் கைப்பிடியைப் பற்றி, உடலை முன்வளைத்தே ஏற வேண்டியிருந்தது. திருமாலுக்குரிய அந்தக் கருவறையைச் சூழ்ந்து இன்று புத்தர் உருவங்கள் உள்ளன. அங்கு வருவோர் அவரை வணங்க, நான் திருமால் நாமத்தை உள்ளுக்குள் சொன்னேன். இரண்டும் அந்த மலைக்கு உரியவையே என்று என் மனம் முழுமையாக ஏற்றது.

செல்ல விரும்புவோர் தோளும் முழங்காலும் மறையும் ஆடை அணிய வேண்டும். பௌத்தப் புனித நாள்களில் மேல்தளம் மூடப்பட்டிருக்கும் என்பதால், அந்த நாள்களைத் தவிர்த்துப் பயணத்தை வகுத்துக்கொள்வது நல்லது.