ஒன்றரைக்கலம் வாற்கோதுமை

மார்ச் 10, திங்கள்

லெந்து கால (தவக்கால) வாசிப்புக்கு இந்த வாரம் ஓசியா 1 முதல் 3 வரை. தீர்க்கதரிசி ஓசியாவுக்கும் துரோகம் செய்த மனைவி கோமேருக்கும் நடந்ததை வைத்து, தேவனுக்கும் இஸ்ரவேலுக்கும் உள்ள உறவைச் சொல்லும் பகுதி. அவர்களுடைய பிள்ளைகளின் பெயரிலேயே நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள்: யெஸ்ரயேல், லோருகாமா, அதாவது இரக்கம் பெறாதவள், லோகம்மீ, என் ஜனமல்ல. 1:8-ஐ விட்டுவிடக் கூடாது. லோருகாமா பால்மறந்த பிறகுதான் அடுத்த பிள்ளை. அந்தக் காலத்தில் பால் மறக்க இரண்டு, மூன்று வருஷம் ஆகும். ஒரே நாள் சண்டையில் உடைந்த வீடல்ல இது, வருஷக்கணக்கில் இற்றுப்போன வீடு.

மார்ச் 11, செவ்வாய்

2:14-ல் இஸ்ரவேலைக் குறித்து தேவன் சொல்வது, “அவளோடே பட்சமாய்ப் பேசுவேன்.” எபிரெயத்தில் ‘அவள் இருதயத்தின்மேல் பேசுவேன்’. போவாஸ் தன்னிடம் பேசியதை ரூத் இதே சொல்லால்தான் சொல்கிறாள். ஆனால் நியாயாதிபதிகள் 19:3-லும் இதே சொல் வருகிறது. மறுமனையாட்டியைத் திரும்ப அழைத்துவரப் போன லேவியன், அவள் மனதோடு பேசத்தான் போனான். கிபியா என்ற ஊரில் தன் உயிருக்கு ஆபத்து வந்ததும் அவளையே வெளியே தள்ளிவிட்டான். கிபியாவின் நாட்களை ஓசியாவும் மறக்கவில்லை (9:9).

அடி வாங்கி வந்த பெண்ணிடம் ஓசியாவைக் காட்டி “திரும்பிப் போம்மா” என்று சொல்வது பெரிய தவறு. இங்கே போகிறவர் துரோகத்தைச் சுமந்தவர், விலை கொடுக்கிறவரும் அவரே. 2:3-ன் கடுமையான வரிகள் தேசத்துக்கு வரும் நியாயத்தீர்ப்பைச் சொல்கின்றன. எந்தப் புருஷனுக்கும் அவை அதிகாரம் தருவதில்லை.

மார்ச் 13, வியாழன்

2:19, 20-ல் “நியமித்துக்கொள்ளுவேன்” மூன்று முறை. மூலத்தில் இது பரிசம் கொடுத்து நிச்சயம் செய்வதைக் குறிக்கும் வினை. தன் மனைவி மீகாளுக்குக் கொடுத்த பரிசத்தைத் தாவீது சொல்லும் இடத்திலும் (2 சாமுவேல் 3:14) இதே வினை, பரிசப் பொருளுக்கு முன்னால் இதே இடைச்சொல். அப்படியானால் நீதி, நியாயம், கிருபை, உருக்க இரக்கம், உண்மை ஆகிய ஐந்தும் மணமகன் கொண்டுவரும் பரிசம்.

4:1-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேசத்தில் உண்மை இல்லை, இரக்கம் இல்லை, தேவனை அறியும் அறிவு இல்லை. எது அவளிடம் இல்லையோ அதையே அவர் பரிசமாகக் கொண்டுவருகிறார். யூதர்கள் காலை ஜெபத்தில் கையில் கட்டும் தோல்வாரை நடுவிரலில் மூன்று சுற்று சுற்றும்போது இந்த வசனங்களைத்தான் சொல்கிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

3:2-ல் ஓசியா அவளைத் திரும்பக் கொள்ளக் கொடுத்த விலை. 15 வெள்ளி, ஒன்றரைக்கலம் வாற்கோதுமை. அது நாணயம் வராத காலம். வெள்ளியை நிறுத்துத்தான் கொடுப்பார்கள். சேக்கல் என்ற எடை ஏறக்குறைய 11 கிராம் என்றால் மொத்தம் 165 கிராம், நம் கணக்கில் ஏறக்குறைய 21 பவுன் எடை. வாற்கோதுமை மூலத்தில் ஒரு ஹோமேரும் ஒரு லெத்தேக்கும். ஹோமேர் என்பது எப்பா என்ற தானிய அளவில் 10, ஒரு கழுதைப் பொதி. லெத்தேக் அதில் பாதி என்பது மரபுக் கணக்கு. வேதாகமத்தில் அந்தச் சொல் இங்கே மட்டும்தான் வருகிறது. ஆக 15 எப்பா.

வாற்கோதுமைக்கு 15 சேக்கல் போட்டு, மொத்தம் 30, அது அடிமையின் விலை (யாத்திராகமம் 21:32) என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். இருக்கலாம், ஆனால் ஓசியா கூட்டிச் சொல்லவில்லை. 2 இராஜாக்கள் 7:1-ன் விலையில் 15 எப்பா இருபத்திரண்டரை சேக்கல் வருகிறது. அதுவும் முற்றுகை ஒட்டிய விலை. முப்பதை அடித்துச் சொல்லாதிருப்பது நல்லது. எனக்குக் கண்ணில் படுவது வேறு. வெள்ளி பாதியில் தீர்ந்து, மீதிக்குக் குதிரிலிருந்து அள்ளிக் கட்டிய மூட்டைகள் போலத் தெரிகிறது.

மார்ச் 15, சனி

3:3-ல் அவர் அவளை உடனே மனைவியின் இடத்தில் வைக்கவில்லை. “அநேகநாள் எனக்காகக் காத்திரு.” நிபந்தனை இதோடு முடிந்திருந்தால் அது வெறும் காவல். “உனக்காக நானும் காத்திருப்பேன்” என்று தன்னையும் அதே கட்டுக்குள் வைக்கிறார்.

அவள் என்ன பதில் சொன்னாள் என்று எழுதப்படவில்லை. அடுத்த வசனம் இஸ்ரவேலின் அநேகநாட்களுக்குப் போய்விடுகிறது.