ஆட்டு மண்டையோடும் அனாடமி வைவாவும்: அடுத்த பேட்சுக்குச் சில வார்த்தைகள்

ரிசல்ட் வந்துவிட்டது. கால்நடை மருத்துவம் முதலாமாண்டு அனாடமி (உடற்கூறியல்) பாஸ், பிராக்டிகலில் நல்ல மார்க். ஆஸ்டியாலஜி (எலும்பியல்) வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், என்னைக் காப்பாற்றியது நானே சுத்தம் செய்த ஆட்டு மண்டையோடுதான். அடுத்த பேட்ச் தலை வாங்கக் கிளம்பும் நேரம் என்பதால் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

கறிக்கடையில் வெறுமனே தலை கேட்டால் தீயில் வாட்டி, கொம்பைத் தட்டி, மூளைக்காகப் பிளந்துதான் தருவார்கள். முந்தின நாளே போய், "பாய், வாட்ட வேண்டாம், பிளக்க வேண்டாம், கொம்போட முழுசா வேணும், காலேஜுக்கு" என்று சொல்லி வையுங்கள்.

தோலும் சதையும் எடுத்த பிறகு வேகவைக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். கொதிக்கவிட்டால் கொழுப்பு எலும்புக்குள் இறங்கிவிடும், மூக்குக்குள் இருக்கும் மெல்லிய டர்பினேட் எலும்புகளும் உடையும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டாலே போதும், நம் ஊர்ச் சூட்டில் பாக்டீரியா மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். நாற்றம் குடலைப் புரட்டும், மொட்டை மாடியில் வையுங்கள். தண்ணீரை வடிகட்டியில்தான் ஊற்ற வேண்டும், கீழ்வரிசை முன்பற்கள் கழன்று போய்விடும். கொம்பு உறையும் இதில் தளர்ந்துவிடும், திருகி இழுத்தால் வரும்.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். எல்லோருக்கும் வெள்ளையாக்குவதில்தான் அவசரம். கொழுப்பை எடுக்காமல் எந்த மருந்தில் போட்டாலும் சில வாரங்களில் மஞ்சள் திரும்பிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து ஊறவையுங்கள். கலங்கினால் மாற்றுங்கள், மறுபடி கலங்கினால் மறுபடி மாற்றுங்கள். பிடரிப் பக்கத்தில் விரலால் தேய்த்தால் வழவழப்பே இருக்கக் கூடாது. பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

- பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. எலும்பு சுண்ணாம்பாக உதிரும்.
- வெள்ளையாக்க மெடிக்கல் ஷாப் ஹைட்ரஜன் பெராக்சைடு, 3 முதல் 6 சதவீதம். கையுறை கட்டாயம். மூடியை இறுக்கக் கூடாது, வாயு சேரும்.
- கொம்பு உறையைப் பெராக்சைடில் போடாதீர்கள், நிறம் போய்விடும்.
- நிழலில் உலர்த்துங்கள். விழுந்த பற்களுக்கு ஃபெவிகால்.
- காட்டில் கிடைத்த மண்டையோட்டைத் தொடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் பாயும்.

வைவாவில் மண்டையோட்டைக் கையில் கொடுத்து "வெள்ளாடா, செம்மறியா?" என்றார் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்). கண்குழிக்கு முன்னால் தடவிப் பார்த்து, "லாக்ரிமல் குழி இல்லை சார், வெள்ளாடு" என்றேன். கண்குழிக்கு முன்னால் இருக்கும் அந்தப் பள்ளம் செம்மறிக்குத்தான் உண்டு. அடுத்து இன்ஃப்ராஆர்பிட்டல் கால்வாய், கண்குழிக்குக் கீழே முக எலும்புக்குள் ஓடும் துளைவழி. அதற்குள் துடைப்பக்குச்சி விட்டு அழுக்கெடுத்தவனுக்கு அது எங்கே நுழைந்து எங்கே வெளிவருகிறது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கடைசியாகக் கொம்பு நீக்க எந்த நரம்பை மரக்கச்செய்வாய் என்று கேட்டார். மாட்டுக்கு ஒன்று போதும், வெள்ளாட்டுக்கு இரண்டு: ஜைகோமேட்டிகோடெம்போரல் கிளையோடு இன்ஃப்ராட்ராக்ளியர் கிளையும். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது, எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகப் படித்தேன். உங்கள் ஆட்டு மண்டையோடு தயாரானதும் டிபார்ட்மென்ட்டில் நாய் மண்டையோட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆட்டுக்குக் கண்குழி வளையம் முழு எலும்பு, நாய்க்குப் பின்பக்கம் திறந்திருக்கும். ஸ்பாட்டரில் (மாதிரியைப் பார்த்து அடையாளம் சொல்லும் தேர்வில்) இது வரும்.