தொகுப்பு மேசை, வெள்ளவத்தை

பெப்ரவரி 3
மகன் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு அம்மா ஆவணப்படத்துக்குப் பேசுகிறார். நிபந்தனை ஒன்றுதான். "என்ர முகம் வேண்டாம் பிள்ளை. மகன்ர படத்தைக் காட்டுங்கோ."

பெப்ரவரி 4
யன்னலுக்கு முன்னால் கதிரை, முகம் முழு இருட்டு. வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 1/60 வைத்தால் டியூப் லைட் துடிப்பது படத்தில் விழும். ஃபானை நிறுத்தியாயிற்று. கரையோர ரயிலை நிறுத்த முடியாது. ஊர், திகதி சொல்லும் இடத்தில் ரயில் வந்தால் திருப்பிக் கேட்கலாம். அழும் இடத்தில் வந்தால் கேட்கவே கூடாது, ரயிலோடு இருக்கட்டும். கடைசியில் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அறையின் ஒலி மட்டும்.

சம்மதம் குரலில், பெயர் இல்லாமல். கையெழுத்திட்ட கடதாசி வேறு கைக்குப் போனால் முகத்தை மறைத்து என்ன பயன்? வெளிநாட்டில் காட்டலாமா, கொழும்பில், யாழ்ப்பாணத்தில், யூடியூப்பில் என்று தனித்தனியாகக் கேட்டது. யூடியூப்புக்குப் பதில் இல்லை. பதில் இல்லாததும் மறுப்புத்தான்.

பெப்ரவரி 5
110 நிமிடம், வினாடிக்கு 100 மெகாபிட்டில் 82 ஜிபி. இரண்டு டிஸ்க், இரண்டுக்கும் கடவுச்சொல். ஒன்று இந்த வீட்டில் இருக்காது.

பெப்ரவரி 9
முகம் தெரிகிறது.

லாக்கில், அதாவது இருட்டையும் வெளிச்சத்தையும் கூடுதலாகப் பிடிக்கும் முறையில், 10 பிட்டில் எடுத்தது. இருட்டுக்குள்ளும் விவரம் கிடக்கிறது. காமாவை, அதாவது நடு வெளிச்சத்தை, கொஞ்சம் தூக்கியதும் மூக்குத்தி, பிறகு கண். நிழலுரு என்று நம்பி மூலக் கோப்பை யாருக்காவது அனுப்பியிருந்தால்? கட்டம் கட்டமாக மறைப்பதும் போதாது: தலை அசைய அசைய ஒவ்வொரு பிரேமிலும் கொஞ்சம் கசியும், சேர்த்துப் பார்த்தால் ஆள் வரும். முகத்தின் மேல் முழுக் கருப்பு வைத்து, புதுக் கோப்பாக ரெண்டர் செய்து, இனி அதுவே மூலம். தணிக்கைச் சபைக்கும் அதுவே போகும். போன்களில் எடுத்த துண்டுகளில் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு ஒட்டியிருக்கும். அதையும் அழிக்க வேண்டும்.

பெப்ரவரி 10
குரலின் சுருதியை இறக்கினால் அதே அளவு ஏற்றி எவரும் மீட்டுவிடலாம். வேறொருவர் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் சொல்லுக்குச் சொல் அப்படியே பேசினால் முல்லைத்தீவுக் கடற்கரைப் பேச்சு ஊரைக் காட்டிக்கொடுக்கும். மாற்றினால் அது அவருடைய பேச்சில்லை.

பெப்ரவரி 11
மகனின் படம். ஊரில் அந்தப் படத்தைத் தெரியாதவர் இல்லை. அதைக் காட்டினால் முகத்தைக் காட்டியதுதான்.

பெப்ரவரி 15
உபதலைப்பு. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் 'கொ' உடைந்து வந்தது. பிரீமியரில் எழுத்துப் பொறியைத் தெற்காசியாவுக்கு மாற்றி, மென்பொருளை மூடித் திறந்ததும் சரி.

சொல்தான் சரியாகவில்லை. காணாமற்போனோர் அலுவலகத்தை உருவாக்கிய 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் 'காணாமற்போன' என்கிறது. அம்மா ஒரு தடவைகூட அப்படிச் சொல்லவில்லை. 'காணாமல் ஆக்கப்பட்ட' என்றுதான் ஒவ்வொரு முறையும். 'போன' என்றால் தானாகப் போன அர்த்தம் உண்டு. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் 'ஆக்கப்பட்ட' வரும்வரை மொழிபெயர்ப்பைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பேன். வரி நீளட்டும்.

பெப்ரவரி 16
மகனின் படத்தைப் பற்றி அவரிடமே விளக்கிக் கேட்க வேண்டும். நான் முடிவெடுக்கிற விஷயமில்லை.

பெப்ரவரி 18
அவர் போன் எடுக்கவில்லை.

பெப்ரவரி 19
எடுக்கவில்லை. மகனின் படம் வரும் 40 வினாடியும் இப்போதைக்குக் கருப்பு, ரயில் சத்தத்தோடு.