22 மணி நேர அன்லிமிடெட்

ஆவணி பிறந்தால் எனக்கு இரண்டு விஷயம் நிச்சயம். ஒன்று, வரிசையாக முகூர்த்தம். இன்னொன்று, பாதி மாதம் போவதற்குள் வீட்டு நெட் படுத்துவிடும்.

கோவில்பட்டியில் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம். இரண்டு வீடியோ கேமரா, இரண்டு ஸ்டில் கேமரா, கொஞ்சம் வசதியான வீடு என்றால் ட்ரோன். எல்லாம் 4கே. வீட்டுக்கு வந்து கார்டுகளை கம்ப்யூட்டரில் இறக்கினால் 350, 400 ஜி.பி. இருக்கும். வீடியோ எடிட்டர் மதுரையில் இருக்கிறார். அவருக்கு ஒரிஜினல் ஃபைல்தான் வேண்டும். சின்ன சைஸில் மாற்றி அனுப்பலாமே என்று கேட்காதீர்கள், கலர் பார்க்கிறவர் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆக, ஒரு கல்யாணம் முடிந்தால் 400 ஜி.பி. என் வீட்டிலிருந்து மேலே ஏற வேண்டும்.

போன ஆவணியில் இரண்டு வாரத்தில் நான்கு கல்யாணம். மூன்றாவதை ஏற்றிக்கொண்டிருக்கும்போது திரையில் மீதி நேரம் என்று பார்த்தால், 9 நாள் என்று காட்டியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். 9 நாள்தான். ஃபைபர் ஒயர் வீட்டுக்குள் வந்து சேரும் ஓ.என்.யூ. பெட்டியை அணைத்துப் போட்டேன். ஃபைபர் ஒயரைக் கழற்றி, நுனியைத் துடைத்து, மாட்டினேன். ராத்திரி பத்து மணிக்கு கேபிள் அண்ணாச்சிக்கு போன் அடித்தேன். பாவம், சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து வந்தார். பெட்டியைத் தொடக்கூட இல்லை. தன் மொபைலில் எதையோ தட்டிவிட்டுச் சொன்னார்: "ஒயர்ல ஒண்ணும் இல்ல தம்பி. ஒங்க எஃப்யூபி முடிஞ்சிட்டு."

எஃப்யூபி என்றால் ஃபேர் யூசேஜ் பாலிசி. நியாயமான பயன்பாட்டுக் கொள்கையாம். என் பிளானில் 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 100 மெகாபிட்), அன்லிமிடெட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சின்ன எழுத்தில், 1000 ஜி.பி. வரை அந்த வேகம், அதற்கு மேல் 4 எம்.பி.பி.எஸ். என்று இருந்திருக்கிறது. இறக்குவது, ஏற்றுவது இரண்டையும் சேர்த்துத்தான் 1000. நான் படிக்கவில்லை. நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள்.

அண்ணாச்சி போனபின் தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஒரு ஃபைல் நிற்காமல் போனால் 1000 ஜி.பி. தீர எவ்வளவு நேரம்? ஒரு பைட்டுக்கு எட்டு பிட், ஆக 80,000 நொடி. அதாவது 22 மணி நேரம் 13 நிமிடம். அவர்கள் சொன்ன வேகத்தை, அவர்கள் சொன்னபடியே பயன்படுத்தினால், ஒரு மாதப் பணத்துக்கு ஒரு நாள்கூட முழுதாக வராது. மீதி 29 நாளும் 4 எம்.பி.பி.எஸ். தான். சில பெரிய கம்பெனிகள் 3300 ஜி.பி. தருகிறார்கள். அதையும் இதே வேகத்தில் ஓட்டினால் மூன்று நாள், கொஞ்சம் கூட.

மறுநாள் காலை ஹார்ட் டிஸ்க்கை டவலில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன். 400 ஜி.பி. இரண்டு மணி நேரத்தில் மாட்டுத்தாவணி சேர்ந்தது. கணக்குப் பார்த்தால் நொடிக்கு 440 மெகாபிட்டுக்கு மேல். என் ஃபைபரின் முழு வேகத்தைவிட நான்கு மடங்கு, வழியில் சாத்தூர் சேவும் கிடைத்தது.

கோபம் எல்லாம் அடங்கியபின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கம்பெனிக்காரர்கள் சொல்லாமல் விடவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 அக்டோபரில் போட்ட உத்தரவின்படி, வீட்டு பிராட்பேண்டில் வரம்பில் 50 சதவீதம், 90 சதவீதம், 100 சதவீதம் தொடும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அனுப்பியிருக்கிறார்கள். கனெக்‌ஷன் அப்பா பேரில், மெசேஜ் அப்பாவின் பட்டன் போனுக்கு. கேட்டதற்கு அப்பா, "ஆமால, அம்பது பெர்சன்ட்னு ஒண்ணு வந்துச்சு. ஆடித் தள்ளுபடின்னு நெனச்சு அழிச்சிட்டேன்" என்றார். 90 வந்தபோது எந்தக் கடையில் இவ்வளவு தள்ளுபடி என்று கொஞ்சம் யோசித்தாராம்.

அதே உத்தரவில் இன்னொன்றும் உண்டு. எவ்வளவுதான் வரம்பு தாண்டினாலும் வேகத்தை 512 கே.பி.பி.எஸ்.ஸுக்குக் கீழே இறக்கக் கூடாது. 512இல் ஒரு ஜி.பி. இறங்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படிப் பார்த்தால் எனக்குக் கிடைத்த 4 எம்.பி.பி.எஸ். பெரிய தயவு. இந்தியாவில் பிராட்பேண்ட் என்ற பேருக்கே 2004இல் 256 கே.பி.பி.எஸ். போதும் என்றிருந்தது. 2013இல் 512 ஆக்கினார்கள், 2023இல்தான் 2 எம்.பி.பி.எஸ். ஆனது. எந்தத் தளம், எந்த ஆப் என்று பார்த்து வேகத்தைக் குறைக்கக் கூடாது என்று 2018இல் நெட் நியூட்ராலிட்டி விதி வந்தது. எவ்வளவு என்று பார்த்துக் குறைப்பதற்கு அதில் தடை இல்லை.

சரி, குறைப்பதில் நியாயமே இல்லையா? அண்ணாச்சியிடம் ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்து சண்டை போட்டேன். அவர் பக்கமும் கதை இருக்கிறது. அவருடைய ஆபீஸில், தெருக்களுக்கு ஃபைபர் கிளம்பும் ஓ.எல்.டி. பெட்டியில் ஒரு போர்ட்டிலிருந்து ஒரே ஒரு ஃபைபர் தெருவுக்கு வருகிறது. கம்பத்தில் ஸ்ப்ளிட்டர் வைத்து அதை 64 வீட்டுக்குப் பிரிக்கிறார். அந்த ஒரு ஃபைபரில் கீழே வருவதற்கு மொத்தம் சுமார் 2.5 ஜி.பி.பி.எஸ். (2500 எம்.பி.பி.எஸ்.), மேலே போவதற்கு சுமார் 1.25. அதற்கு அப்பால் கம்பெனி வெளியிலிருந்து வாங்கும் பேண்ட்விட்த் வேறு. 64 பேரும் ஒரே நேரத்தில் நூறு நூறாக இழுத்தால் 6400 வேண்டும், இருப்பது 2500. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் தொழிலே நடக்கிறது. "ஊர்ல எல்லாரும் ஒரே நேரத்துல கொழாயத் தொறந்தா தண்ணி வருமா தம்பி? அதுல நீங்க மட்டும் மோட்டார் போட்டு இழுக்குதீக" என்றார்.

குடிதண்ணீர்க் குழாயில் மோட்டார் வைப்பவனைப் பற்றி எங்கள் ஊரில் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ரொம்பவே சுட்டது. வீட்டுக்கு வந்து யோசித்தபிறகுதான் அந்த உவமையில் ஓட்டை தெரிந்தது. தண்ணீரை நான் எடுத்துவிட்டால் தொட்டியில் குறையும், நாளைக்கும் குறைவாகவே இருக்கும். பேண்ட்விட்த் அப்படிச் சேர்ந்து கிடக்கும் சரக்கு இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் தொடாமல் போன 2.5 ஜி.பி.பி.எஸ்.ஸை அண்ணாச்சி குடத்தில் பிடித்து வைத்து மறுநாள் ஐ.பி.எல். நேரத்தில் ஊற்ற முடியாது. போனது போனதுதான். நெரிசல் என்பது சாயங்காலம் எட்டிலிருந்து பதினொன்று வரை. அந்த நேரத்தில் நான் இழுத்தால் திட்டுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு, தெருவே தூங்கும்போது ஏற்றியதையும் அதே 1000த்தில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று. தெருவில் எல்லோரும் படம் பார்க்கிறார்கள், அதாவது கீழே இறக்குகிறார்கள். மேலே ஏற்றுகிறவன் அநேகமாக நான் ஒருத்தன்தான். வெளியிலிருந்து கம்பெனி வாங்கும் இணைப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு. வீட்டு வாடிக்கையாளர்கள் உள்ளே வரும் பக்கத்தைத்தான் நிறைப்பார்கள், வெளியே போகும் பக்கம் பெரும்பகுதி சும்மா கிடக்கும். திருவிழாவுக்கு ஊருக்குள் வரும் பஸ்ஸில் எல்லாம் கூட்டம், திரும்பிப் போகும் பஸ் காலி. அந்தக் காலி பஸ்ஸில் ஏறினவனிடம் வந்து, நீதான் நெரிசலுக்குக் காரணம் என்கிறார்கள்.

நேரம் பார்த்து விடும் வழக்கம் புதிது ஒன்றும் இல்லை. பி.எஸ்.என்.எல்.லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் இருந்த காலத்தில் ஹோம் 500 என்று ஒரு பிளான் இருந்தது. பகலில் அளவு வைத்து, ராத்திரி இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும். காலேஜ் படிக்கும்போது அலாரம் வைத்து எழுந்து மோடத்தைப் போட்டுவிட்டுத் தூங்குவேன். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் எட்டு அடித்துவிட்டதா என்றுதான் பார்ப்பேன். அந்த பிளான் போட்டவர் யாரோ, நெட்வொர்க் தெரிந்தவர்.

அமெரிக்காவில் இன்டர்நெட் கொடுக்கும் காம்காஸ்ட் கம்பெனி இந்த விஷயத்தில் இரண்டு எல்லையையும் பார்த்திருக்கிறது. 2007இல் ராப் டோபோல்ஸ்கி என்ற நெட்வொர்க் இன்ஜினியர், பக்கவாத்தியம் இல்லாமல் நான்கு பேர் சேர்ந்து பாடும் பழைய காலத்துப் பாட்டுகளை, ஆளுக்கு ஆள் நேரடியாக ஃபைல் பகிரும் பிட்டோரண்ட் வழியாகப் பகிர முயன்றிருக்கிறார். ஏறவே இல்லை. தோண்டிப் பார்த்தால், நடுவில் இருந்த கம்பெனியின் கருவி இரண்டு பக்கத்துக்கும் பொய்த் தகவல் அனுப்பி இணைப்பை அறுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் போனில் பேசும்போது நடுவில் ஒருத்தன் உங்கள் குரலிலேயே "சரி, வெச்சிடுறேன்" என்று சொல்வது மாதிரி. அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் பைபிளையே ஏற்றிப் பார்த்தார்கள், அதையும் அறுத்தது. 2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அது தவறு என்று உத்தரவு போட்டது. 2010இல் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது தனிக்கதை.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அவர்கள் செய்தது. 2008 கடைசியில் புது முறை கொண்டுவந்தார்கள். எந்த ஆப் என்று பார்ப்பதில்லை. அந்தப் பகுதியின் இணைப்பு 15 நிமிடம் தொடர்ந்து நிறையும் நிலைக்கு வந்தால் மட்டும், அந்த நேரத்தில் தன் வேகத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருப்பவரை வரிசையில் கொஞ்சம் பின்னால் நிறுத்துவது. அவர் இழுப்பதைக் குறைத்தால் கொஞ்ச நேரத்தில் பழையபடி முன்னால் வந்துவிடலாம். நெரிசல் இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இது நியாயமான பயன்பாடு. நான் கேட்பதும் இவ்வளவுதான். ஆனால் அதே வருடம் அக்டோபரிலேயே அதே கம்பெனி மாதம் 250 ஜி.பி. என்று ஒரு வரம்பும் வைத்தது. நெரிசலுக்குத்தான் மருந்து கண்டுபிடித்துவிட்டார்களே, அப்புறம் மாதக் கணக்கு எதற்கு? நான் டீக்கடையில் கேட்ட கேள்வியும் இதுதான். அண்ணாச்சி டம்ளரை வைத்துவிட்டு, "அது நெட்வொர்க் இல்ல தம்பி, யாவாரம்" என்றார்.

அவரே ஒரு வழியும் சொன்னார். அம்மா பேரில் இன்னொரு கனெக்‌ஷன். கம்பெனி விதியில் தடை இல்லை. மறுநாளே ஆள் வந்து, அதே கம்பத்திலிருந்து, அதே ஸ்ப்ளிட்டரில் காலியாக இருந்த இன்னொரு முனையிலிருந்து இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதே போர்ட், அதே 64 வீடு, அதே நான், அதே கல்யாணங்கள். இப்போது 2000 ஜி.பி. வரை நான் நியாயமான பயனாளி.

டிவி ஸ்டாண்டுக்கு மேல் இரண்டு ஓ.என்.யூ. பக்கத்தில் பக்கத்தில் மினுக்கிக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் 'அப்பா' என்றும் இன்னொன்றில் 'அம்மா' என்றும் மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மூன்றாவது கல்யாணம் வந்தால் கேபிளை அப்பாவிடமிருந்து பிடுங்கி அம்மாவில் சொருக வேண்டியதுதான். மெசேஜ் வரும் நம்பரை மட்டும் இன்னும் மாற்றவில்லை. போன வாரம் அப்பா கூப்பிட்டு, "ஏலே, தொண்ணூறு வந்திருக்கு, அம்மாட்ட மாத்திக்க" என்றார்.